நாலாவது கதையில் எழுந்து போனவள்

மார்ச் 2

தங்கச்சிக்கு,

பிப்ரவரி முடிந்துவிட்டது. இந்த வருடத் தொகுப்புக்கு நீ எழுத வேண்டிய நாலாவது கதை வரவில்லை. முதல் மூன்றையும் ஐந்தாவதையும் கோர்த்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து போய்விட்டான். மூன்றாவது தடவை வந்தால் என்ன சொல்வது? என் தங்கை பெரிய எக்ஸ்ரே டெக்னீஷியன், ஊரார் எலும்பைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லவா?

போன வாரம் கல்லூரி வாத்தியார் ஒருவர் மாடியேறி வந்தார். கீழே டயர் கடை வைத்திருப்பவர் அனுப்பியிருக்கிறார். "ஏன் சார் துண்டு துண்டா அஞ்சு பேய்க்கதை? ஒரே கதையா நல்லா விரிவா எழுதக் கூடாதா?" என்று கேட்டார். நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனால் குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு முப்பத்தொரு வருடம் படித்தவன். மணிக்கு ஒரு தரம் எழுந்து மீட்டர் பார்க்க வேண்டும். அதற்குள் பேய் வந்து, ஆளைப் பிடித்து, கதவைச் சாத்தியாக வேண்டும். அவரிடம் சொன்னேன்: "நாவல்ல பேய் வந்தா அதோட குடித்தனம் பண்ணணும் சார். தொகுப்புல பேய் விருந்தாளி. வந்தது, பயமுறுத்துச்சு, போயிடுச்சு. விளக்கைப் போட்டுட்டு, இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு மறுபடி உட்காரலாம். அந்த 'இன்னும் ஒண்ணு'தான் சார் ருசி." அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

வரிசையையும் சொன்னேன். முதல் கதை சட்டென்று முடிய வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் சிரிப்பு. மூன்றாவதில் மூளைக்கு வேலை. நாலாவது சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அவ்வளவு தூரம் வந்தவன் எழுந்து போகமாட்டான். ஐந்தாவது வீடுவரை கூட வர வேண்டும். படமானாலும் புத்தகமானாலும் இதே கணக்குதான்.

எழுந்து போகமாட்டான் என்று சொல்லும்போதே நாக்கு இடறியது. நம் வீட்டில் ஒருத்தி எழுந்து போனாள்.

உனக்குத் தெரியாததில்லை. ஆனால் கதை அனுப்ப மறந்தவளுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா செத்த வருடம் இந்தத் தொகுப்பை எதற்கு ஆரம்பித்தேன்? பேர் வாங்கவா? உன் அக்கா எங்கே இருந்தாலும் கடையில் பேய்க்கதைப் புத்தகத்தைப் பார்த்தால் புரட்டாமல் போகமாட்டாள். நாலாவது கதையில், ஐந்து கதைப் படம் ஒன்று ஓடும்போது எழுந்து போன ஒரு பெண் இருப்பாள். அவளுக்குத் தெரியும், அது நாம் கூப்பிடும் குரல் என்று. இருபத்திரண்டு வருடம் இருபத்திரண்டு முடிவு எழுதினாய். ஒரு வருடம் அவள் திரைக்குள் போனாள். ஒரு வருடம் வெளியே வந்து பார்த்தால் ஊரில் ஆளே இல்லை. போன வருடம் அண்ணன் பின்னாலேயே ஓடி வந்து வாசலில் பிடித்துவிட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வருடம் அவள் தானாகத் திரும்பி வருவதாக எழுது.

நாற்பத்தொரு வருடமாக எனக்கு ஒரே ஒரு ஆதங்கம்தான். போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பத்தாம் தேதிக்குள் வர வேண்டும்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

கதை இல்லை. எழுதவில்லை. எழுதவும் போவதில்லை.

வாசகர் கடிதங்கள் என் முகவரிக்கு வருவது நீ செய்த ஏற்பாடுதான். "எனக்கு முட்டி வலி, தபால் நிலையம் உனக்குப் பக்கம்" என்றாய். ஜனவரியில் ஒன்று வந்தது. ஆறு வாரம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். வேலை நேரத்தில் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று நாளுக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன். இந்த ஆறு வாரமும் நானே அப்படித்தான் இருந்தேன். கடிதத்தை அப்படியே எழுதி அனுப்புகிறேன். அசல் என்னிடம் இருக்கட்டும்.

"ஆசிரியருக்கு வணக்கம். கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் புத்தகம் கிடைத்தது. நான் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். நாலாவது கதையில் உள்ளது எங்கள் கொட்டகை. ஐந்து கதைப் படம் நாங்கள் ஓட்டியது ஒன்றுதான். வாசலில் உடைந்த குழாய், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் தவறு. அண்ணன் பின்னால் ஓடி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வரவில்லை. அந்தப் பெண் நாலாவது கதையில் வெளியே வந்து இரண்டாவது படியில் உட்கார்ந்தது. 'எங்க அண்ணனை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க, ஒண்ணு சொல்லணும்' என்றது. வரிசையும் அடையாளமும் சொன்னது. நான் டார்ச்சோடு போய்ச் சொன்னேன். அண்ணன் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். இது கதைதானே என்று விடலாம். ஆனாலும் நடந்தது மாதிரி எழுதுகிறவர்கள் சரியாக எழுத வேண்டும் அல்லவா?"

எனக்கு அப்போது பதினொன்று. உனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது கதை ஆரம்பித்ததும் ஒரு டார்ச் வெளிச்சம் நம் வரிசையில் ஊர்ந்து வந்தது. ஒருவர் குனிந்து உன் காதில் ஏதோ சொன்னார். நீ கையைத் தூக்கினாய். முன் சீட்டில் கால் வைத்திருந்தாய், அதற்குத்தான் திட்டுகிறார் என்று நாற்பத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போலீஸில் என்ன சொன்னோம்? படம் முடிந்து ஐந்தே காலுக்குக் கூட்டத்தோடு வெளியே வரும்போது அவளைக் காணோம் என்று சொன்னோம். "நீயும் அப்பிடியே சொல்லணும்டி, இல்லன்னா வீட்ல என்னைக் கொன்னுடுவாங்க" என்று வழியில் சொல்லிக் கொடுத்தாய். அவள் முன்னாலேயே எழுந்து போனதை மறைக்கிறாய், திட்டு விழும் என்று பயப்படுகிறாய் என்று நினைத்தேன். நானும் அப்படியே சொன்னேன்.

ஒரே கேள்வி. டார்ச்காரர் உன்னிடம் என்ன சொன்னார்?

தங்கை


மார்ச் 15

தங்கச்சிக்கு,

சினிமா கொட்டகையில் டார்ச் அடித்தவர் எத்தனை லட்சம் முகம் பார்த்திருப்பார். அதில் ஒன்று நாற்பத்தொரு வருடம் கழித்து நினைவிருக்கிறதாம். அதுவும் கண் ஆபரேஷனுக்கு உட்கார்ந்திருக்கும்போது.

நேற்று சாப்பிட்ட மாத்திரை எது என்று எனக்கு நினைவில்லை. படிக்கிறவர்களுக்கு எப்போதும் தாங்களும் கதைக்குள் இருந்தோம் என்று ஆசை. மூன்றாவது தொகுப்பில் கிணறு வந்தபோது, அது எங்கள் வீட்டுக் கிணறு என்று நாலு பேர் எழுதவில்லையா?

முன்பின் தெரியாதவர் எழுதிய ஒரு கடிதத்தை நம்புவாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாய். நல்லது.

நாலாவது கதையை நானே எழுதிக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணாவுக்கு,

நீ எழுதமாட்டாய். எனக்குத் தெரியும். உன்னால் ஐந்தை வரிசைப்படுத்தத்தான் முடியும்.

விடுப்புப் போட்டு டிக்கெட் கிழித்தவரைப் போய்ப் பார்த்தேன். ரயிலில் ஏழு மணி நேரம். மகள் வீட்டில், பின்கட்டு அறையில் இருக்கிறார். காது மந்தம். ஒரு கண்ணில் பச்சைத் துணி. நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"நீதான் அந்தக் குட்டிப் பொண்ணா? உன்னைப் பத்தியும் சொல்லுச்சும்மா. பக்கத்துல சின்னது ஒண்ணு இருக்கும், அதைப் பயமுறுத்திடாதீங்க, டார்ச்சைக் கீழ அடிங்கன்னு சொல்லுச்சு."

அண்ணா, இதைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கேட்டேன், எங்கண்ணன் என்ன சொன்னார் என்று.

"முடிஞ்சதும் வரேன்னு சொல்லுன்னார். அதைப் போய்ச் சொன்னேன். அந்தப் பொண்ணு கோவிக்கல. சிரிச்சுது. 'அஞ்சாவது ஆரம்பிச்சுட்டானா? அப்ப வரமாட்டான்'னு சொல்லுச்சு. எந்திரிச்சு பாவாடையைத் தட்டிவிட்டுட்டு நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாதும்மா."

"எந்தப் பக்கம் போனா? யாராவது கூட இருந்தாங்களா?"

"எடது கைப் பக்கம் திரும்பி நின்னுச்சு. ரயில் நிக்கிற பக்கம். போனதைப் பாக்கல. நான் உள்ள போயிட்டேன்." கண்ணில் இருந்த பச்சைத் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அஞ்சாவது நல்லா இருக்கும்மா. தெனமும் அதை மட்டும் உள்ள போய் நின்னு பாப்பேன்."

அவள் போனதற்கு மறுநாள் அவருக்கு மைத்துனர் கல்யாணம், பத்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது, கூட்டத்தில் ஒரு பெண் காணாமல் போய்விட்டாள் என்று பேச்சு. கூட்டத்தில் என்றால் ஐந்தே கால். அவர் பார்த்த பெண்ணோ நாலரைக்கு எழுந்து நின்றவள். இது வேறு யாரோ என்று விட்டுவிட்டார். போலீஸும் வலது பக்கம் பஸ் நிலையத்தில் ஐந்தரை மணி பஸ்களைத்தான் விசாரித்தது. இடது பக்கம் நாலு ஐம்பதுக்கு ஒரு ரயில் நின்று போகும். அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நாம் சொன்ன நேரத்துக்கு அந்த ரயில் போய் வெகு நேரமாகிவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று இத்தனை வருடம் பாட்டுப் பாடினாய். அம்மா அதை நம்பியே செத்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளே" என்பதுதான் அம்மா கடைசியாக அவளைப் பற்றிச் சொன்னது. சொல்லத்தான் கூப்பிட்டாள். நீ போகவில்லை.

படம் முடிந்து வெளியே வரும்போது என்ன சொன்னாய் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. சோம்பல் முறித்துக்கொண்டே, "கடைசிக் கதைக்காகவே உட்கார்ந்திருக்கலாம்டி" என்றாய்.

அந்த வாத்தியாரிடம் தொகுப்பின் ருசியைப் பற்றிச் சொன்னாயாமே. நான் அதில் நாலாவது கதை எழுதிக்கொண்டே இருந்தவள், எனக்கும் ஒன்று தெரியும். தொகுப்பு ஏன் பிடிக்கிறது என்றால், முதல் கதையில் காணாமல் போனவளை இரண்டாவது கதையில் யாரும் தேட வேண்டாம். விளக்கு எரிந்ததும் அவள் இல்லை. நமக்கும் அழ வேண்டிய வேலை இல்லை.

என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. அதுவரை என் வீட்டுத் தபால் பெட்டி உனக்கில்லை.

தங்கை


ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்பதாவதை அனுப்புகிறேன்.

அவர் வந்தார். குனிந்து, "உங்க தங்கச்சி வெளிய கூப்பிடுறாங்க. ஒரு நிமிஷம் வரணுமாம், ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். திரையில் ஒரு கிழவர் சுவர்க்கடிகாரத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் காட்டவில்லை. "முடிஞ்சதும் வரேன்னு சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான். இதற்குமேல் அதில் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லை, கோபம் இல்லை. அவளுக்குக் கால் வலிக்கும், தாகமாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்பாள் என்று நினைத்தேன். இன்னும் முக்கால் மணிதானே என்று நினைத்தேன்.

நீ கூட ஒரு தரம் என் சட்டையை இழுத்து, "அக்கா எங்கண்ணா?" என்று கேட்டாய். "வருவா, பாரு" என்றேன். அதை நீ எழுதவில்லை. மறந்தாயோ, விட்டுவிட்டாயோ. நான் மறக்கவில்லை.

வீட்டு வாசலில் அப்பா கேட்டார், "எப்படா போனா?" என் வாயிலிருந்து "கூட்டத்துல" என்று வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவர் கையில் செருப்பு இருந்தது. மறுநாள் போலீஸ் எழுதிக்கொண்டது. அதன்பின் மாற்றிச் சொன்னால் நான்தான் அவளை ஏதோ செய்துவிட்டேன் என்பார்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு ஒரு மாதம். கிடங்கில் எனக்கு ஒன்று தெரியும். மைனஸ் பதினெட்டில் வைத்தால் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் வெளியே எடுத்த அன்றைக்கே நாறிவிடும். அதனால் எடுக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நீ இல்லை. கூட்டத்தில் தொலைந்தாள் என்று சொல்லிச் சொல்லி, அவள்தான் நம்மை விட்டுப் போனாள் என்று கோபப்பட ஆரம்பித்தேன். அந்தக் கோபம் உண்மை. அதைப் பொய் என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தக் கோபத்தில்தான் இருபத்திரண்டு தொகுப்பு வந்தது. இல்லையென்றால் எப்போதோ கயிற்றைத் தேடியிருப்பேன்.

இன்னொன்று. எழுதாமல் விட்டால் இதுவும் அன்று 'கூட்டத்துல' என்று சொன்னது போல ஆகிவிடும். ஐந்தாவது கதை நன்றாக இருந்தது. கடிகாரத்துக்குள் அந்தக் கிழவருடைய சின்ன வயது முகம் இருந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு காட்சியும் வரிசையாக நினைவிருக்கிறது. அவள் அன்று போட்டிருந்த ரவிக்கை என்ன நிறம் என்று நினைவில்லை.

என்ன சொல்ல வந்தாள் என்று நினைக்கிறாய்? யாரையாவது பிடித்திருந்ததா, உடம்பு சரியில்லையா, வேலைக்கு ஏதாவது எழுதிப் போட்டிருந்தாளா? வெறும் தலைவலியா? இருபத்திரண்டு கதையில் எங்கே போனாள் என்றுதான் எழுதச் சொன்னேன். என்ன சொல்ல வந்தாள் என்று ஒரு தரம்கூட எழுதச் சொல்லவில்லை.

'அவர் வந்தார்' என்பது முதல் மேலே உள்ள வரி வரை இந்தக் கடிதத்தை நாலாவது கதையாகப் போடு. உன் கைவண்ணம் எதுவும் வேண்டாம். ஒரு எழுத்தையும் திருத்தாதே. உயிரோடிருந்தால் அவள் படிக்கட்டும். மற்றவர்களும் படிக்கட்டும். ஒளிக்க இனி எதுவும் இல்லை.

அண்ணன்


மே 18

அண்ணாவுக்கு,

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். திருத்தவில்லை.

சட்டையை இழுத்தது எனக்கு நினைவில்லை. நீ எழுதிய பிறகும் நினைவு வரவில்லை. பதினொரு வயதில் நானும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். கதவு அத்தனை தூரமில்லை. நானாவது எழுந்து போயிருக்கலாம். எனக்கும் கடிகாரத்துக்குள் என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது.

உன் கடிதத்தையும் டிக்கெட் கிழித்தவர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. முழுவதும் படித்தாள். "இப்ப நீங்க நேரத்தை மாத்திச் சொல்றீங்க, சரிக்கா. எதுல மாத்துறது? அந்த ஃபைல் கட்டெல்லாம் அழிச்சு இருபது வருஷம் ஆச்சே" என்றாள். ரயில்வேக்கும் போனேன். அந்த நாலு ஐம்பது வண்டியை நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் குளியலறைச் சாமான் கடை. அந்த இரண்டாவது படி மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் அதில் ஒரு பீங்கான் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

டிக்கெட் கிழித்தவருக்கு இன்னும் ஏதாவது நினைவு வருமா என்று எழுதிக் கேட்டேன். மகள் பதில் போட்டிருந்தாள். அப்பா இந்த மாதம் முதல் வாரம் தவறிவிட்டாராம்.

நீ அன்றைக்கே நேரத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் கிடைத்திருப்பாளா என்று கேட்காதே. நான் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. விடை தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

முட்டிக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றாயே, உங்கள் ஊரிலேயே எடுத்துக்கொள். இங்கே வராதே.

தங்கை


செப்டம்பர் 9

அண்ணாவுக்கு,

வாசகர் கடிதங்கள் முப்பத்தேழு வந்திருக்கின்றன. எல்லா வருடத்தையும்விட அதிகம். ஒவ்வொரு உறையையும் பிரிக்கும்போது எனக்கு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கும் அதுதான் ஆகியிருக்கும். அவள் கையெழுத்து எதிலும் இல்லை.

அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பிரித்துப் படித்தவள் நான் மட்டுமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒருவர்: "நாலாவது வழக்கம்போல் சுமார். பேயே வரவில்லை. கடிதமாக எழுதியது புதுமைதான், ஆனால் அழுத்தம் போதாது."

ஒரு கல்லூரி மாணவி: "அந்த அண்ணன் பாத்திரம் நம்பும்படி இல்லை. கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் யாராவது போகாமல் இருப்பார்களா?"

இன்னொருவர், ஓய்வுபெற்ற தாசில்தாராம்: "நாலாவதில் கொஞ்சம் தூங்கிவிட்டேன். ஆனால் ஐந்தாவது அபாரம். கடைசிக் கதைக்காகவே உட்கார்ந்திருக்கலாம்."

முப்பத்தேழு பேரில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 16

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் மாடிக்கு வரமாட்டார், இறங்கிப் போய் வாங்கினேன். ஏறி வர இருபது நிமிடம்.

தாசில்தாருக்கு நானே பதில் போட்டுவிட்டேன். ஐயா, நீங்கள் சொன்னதை உங்களுக்கு முன்னாலேயே ஒருவன் சொல்லியிருக்கிறான், நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். அவருக்கு ஒன்றும் புரியாது. இருக்கட்டும்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவள் சொன்னது சரி. நம்பும்படியாகத்தான் இல்லை.

அடுத்த வருடம் தொகுப்பு வரும். நிறுத்தமாட்டேன். நிறுத்தச் சொல்லி எழுதாதே. முதல் மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், ஐந்தாவதும் கைவசம் இருக்கிறது, நல்ல கதை. நாலாவது இடத்துக்கு உன்னிடம் கேட்கவில்லை. எட்டு பக்கம் வெள்ளையாக விடச் சொல்லியிருக்கிறேன். "பக்கம் வீணாகுதே சார்" என்றார் அச்சகத்துக்காரர். "யாரும் அதுல நிக்கமாட்டாங்க, புரட்டிட்டு அஞ்சாவதுக்குப் போயிடுவாங்க" என்றேன்.

அண்ணன்